ஓய்வெடுத்தால் கூடும் நாரி நோ

1989ஆம் ஆண்டு என் மூத்த காக்காவுக்கு 22 வயது. எங்கள் ஊர் அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். வாப்பாவோடு வயலுக்குப் போய்வந்த காக்காவுக்கு அந்த மாரியில் நாரி நோ தொடங்கியது. எப்போது தொடங்கியது என்று நாள் சொல்ல அவருக்கே தெரியாது. விழவில்லை, அடிபடவும் இல்லை. மெல்ல வந்து ஒட்டிக்கொண்டது.

எனக்கு நன்றாக நினைவில் நிற்பது அவருடைய நடை. இரவு 3 மணியைப் போல எழும்பி முற்றத்தில் இங்கும் அங்கும் நடப்பார். ஸுபஹுக்குப் பாங்கு சொல்லும் வரை நடப்பார். பக்கத்து வீட்டு மாமி உம்மாவிடம் வந்து, "மகனுக்கு காலத்தோட ஒரு இடத்தப் பாத்து முடிச்சு வைங்க, புள்ள ராவையில தூங்கிறதே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்களும் சிரித்தோம். தொழுகையில் ருகூஉவுக்குக் குனிந்தவர் நிமிர்ந்து வர நேரம் எடுப்பதை வாப்பா ஒருநாள் கண்டார். அதன் பிறகுதான் வீடு பயந்தது.

நெல் மூட்டை தூக்கியதால் வந்த பிடிப்பு என்று எல்லோருமாகத் தீர்மானித்தோம். உம்மா எண்ணெய் காய்ச்சிப் பூசினார். பலகைக் கட்டில் ஒன்று செய்வித்து அதில் படுக்க வைத்தோம். "அசையாமக் கிட" என்பதே வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் அவருக்குச் சொன்ன மருந்து. காக்கா மட்டும் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொன்னார்: "வயலுக்குப் போய் ரெண்டு வரம்பு நடந்தா எனக்கு சுகமா இரிக்கி. படுத்தாத்தான் ஏலாமப் போகுது." அதை ஒருவரும் நம்பவில்லை. வயல் மீதுள்ள ஆசையில் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்து, வாப்பா வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1999இல் எடுத்த ஒரு எக்ஸ்றே படத்தைப் பார்த்துத்தான் வைத்தியர் நோயின் பெயரைச் சொன்னார்: அங்கைலோசிங் ஸ்பொண்டிலைட்டிஸ். அதற்குள் காக்காவின் இடுப்பு மடியாது, கழுத்து திரும்பாது என்ற நிலை வந்துவிட்டது. இன்று அவர் பெருநாள் பிறை பார்ப்பதென்றால் சாய்மனைக் கதிரையை முற்றத்தில் போட்டு அதில் சாய வேண்டும். நின்றபடி வானத்தைப் பார்க்க அவரால் ஏலாது.

நான் ஓர் உயிரியல் ஆசிரியன். தொடுப்பிழையம் என்ற பாடத்தைக் கரும்பலகையில் எத்தனையோ வருடம் எழுதியவன். அந்த இழையத்தில் வரும் நோய் ஒன்று என் வீட்டு முற்றத்திலேயே நடந்து திரிந்ததை நான் அறியவில்லை. இப்போது என் ராத்தாவின் மகனுக்கும் அதே நோய். ஆனால் அவனுக்கு நோ தொடங்கிய ஏழாம் மாதத்திலேயே கண்டுபிடித்துவிட்டோம். அந்தப் பத்து வருடத்துக்கும் இந்த ஏழு மாதத்துக்கும் இடையில் நான் கற்றுக்கொண்டதை வாசகர்களோடு பகிரவே இதை எழுதுகிறேன்.

கயிறு தேயும் இடம்

நமது உடலில் ஒன்றை ஒன்றோடு கட்டி வைக்கும் பொருளுக்குத் தொடுப்பிழையம் என்று பெயர். கொலாஜன் என்ற புரத நார்கள் அதன் பிரதான சரக்கு. எலும்பை எலும்போடு கட்டும் நாரை எங்கள் பாடநூல்கள் இணையம் என்று சொல்லும். (இன்றைய பிள்ளைகளிடம் இணையம் என்றால் கையடக்கத் தொலைபேசியை எடுத்துக் காட்டுவார்கள்.) தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். குதிக்காலுக்கு மேலே விரலால் தொட்டுப் பார்த்தால் கயிறு போல இருப்பது உடலின் மிகத் தடித்த தசைநாண்.

இந்த நார்கள் எலும்பில் எப்படிப் பிடித்திருக்கின்றன என்பதே நமது விடயம். பசை போட்டு ஒட்டியது போல அல்ல. நார் முதலில் நார்க் கசியிழையமாக மாறும். பின் அது சுண்ணாம்பு ஏறிக் கெட்டியாகும். அதன் பிறகே எலும்பு வரும். மென்மையிலிருந்து வன்மைக்குப் படிப்படியாகப் போகும் இந்த ஏற்பாடு இல்லாவிட்டால், நாம் நடக்கும் ஒவ்வொரு எட்டிலும் வரும் இழுவையில் நார் பிய்ந்துவிடும். இந்தப் பிடிமான இடத்தை வைத்தியர்கள் என்தீசிஸ் என்கிறார்கள். இக்கட்டுரையில் 'நார் பிடிக்கும் இடம்' என்றே சொல்கிறேன்.

எங்கள் கரையில் தோணி கட்டியிருக்கும் கயிற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கயிறு நடுவில் தேய்வதில்லை. முளையில் கட்டிய முடிச்சில்தான் தேயும். நமது உடலிலும் இழுவை அதிகமாகச் சேருவது நார் பிடிக்கும் இடத்தில்தான். முள்ளந்தண்டில் அத்தகைய இடங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. முள்ளென்புகளுக்கு இடையில் இருக்கும் வட்டத்தட்டின் வெளி நார்கள், முன்னும் பின்னும் ஓடும் நீண்ட இணையங்கள், விலா எலும்புகள் வந்து சேரும் மூட்டுகள், எல்லாவற்றுக்கும் கீழே முள்ளந்தண்டு இடுப்பெலும்போடு சேரும் இரண்டு மூட்டுகள். காக்காவின் நோய் இந்தக் கடைசி இரண்டு மூட்டுகளில் தொடங்கியது. பெரும்பாலானவர்களுக்கு அங்கேதான் தொடங்கும். அதனால்தான் நோ ஒரு கிழமை வலப்பக்கப் பிட்டத்திலும் மறு கிழமை இடப்பக்கத்திலும் மாறி மாறி வரும்.

இந்த நோயின் பிறப்பிடம் நார் பிடிக்கும் இடமே என்பதை இழையங்களை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து விளக்கியவர் ஜோன் போல் என்ற ஆங்கிலேய நோயியல் அறிஞர். 1970இல் அவர் ஆற்றிய உரை அடுத்த ஆண்டு அச்சில் வந்தது. கை விரல்களை வளைக்கும் முடக்குவாதம் மூட்டின் உட்சவ்வில் தொடங்குகிறது. முள்ளந்தண்டை இறுக்கும் இந்நோயோ நாரும் எலும்பும் சேரும் இடத்தில் தொடங்குகிறது. இரண்டையும் 'வாதம்' என்ற ஒரே சொல்லால் நாம் அழைத்தாலும் இவை வேறு வேறு நோய்கள்.

பிழையான இடத்தில் கட்டும் சுவர்

நார் பிடிக்கும் இடத்தில் அழற்சி வந்தால் என்ன நடக்கும்? முதலில் அடுத்துள்ள எலும்பின் மச்சையில் நீர் கோர்க்கும். எம்.ஆர்.ஐ ஸ்கேனில் இது தெரியும், சாதாரண எக்ஸ்றேயில் தெரியாது. எலும்பின் ஓரம் சிறிது சிறிதாக அரிக்கப்படும். அழற்சி அடங்கியதும் உடல் அந்த இடத்தைத் திருத்தப் பார்க்கும். அந்த இடத்தில் கொழுப்பு சேர்ந்து, பிறகு புது எலும்பு முளைக்கத் தொடங்கும். வட்டத்தட்டின் வெளி நார்களுக்குள்ளே மேல் முள்ளென்பிலிருந்தும் கீழ் முள்ளென்பிலிருந்தும் மெல்லிய எலும்புப் பாலங்கள் வளர்ந்து ஒன்றையொன்று தொடும். வளைய வேண்டிய நார் எலும்பாகிவிடுகிறது. எல்லா மட்டத்திலும் இப்படி நடந்து முடிந்தால் எக்ஸ்றே படத்தில் முள்ளந்தண்டு கணு வைத்த மூங்கில் போலத் தெரியும். காக்காவின் படம் அப்படித்தான் இருந்தது. இதற்குப் பல ஆண்டுகள் எடுக்கும்; நோய் வந்த எல்லோருக்கும் இந்த அளவுக்குப் போவதுமில்லை.

இதில் இன்னொரு விடயமும் உண்டு. வெளியே எலும்பு வளரும் அதே காலத்தில் முள்ளென்பின் உள்ளே எலும்பு மெலிந்துகொண்டிருக்கும். ஆகவே இறுகிய முள்ளந்தண்டு பலமான முள்ளந்தண்டு அல்ல. காய்ந்த தடி போலச் சிறு விழுகையிலும் முறியக்கூடும், முக்கியமாகக் கழுத்தில். சலூனில் முடி வெட்டியபின் கழுத்தைப் பிடித்து 'டக்' என்று திருப்பும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. முதுகில் பிள்ளைகளை ஏற்றி மிதிக்க விடுபவர்களும் உண்டு. இந்நோய் உள்ள ஒருவர் இவற்றுக்கு ஒருபோதும் உடன்படக் கூடாது. முள்ளந்தண்டு முறிந்தால் அதனுள்ளே ஓடும் நரம்பும் சேர்ந்து பாதிக்கப்படலாம்.

முதுகின் மேற்பரப்பில் தசைகளைச் சுற்றி விரித்த துணி போல ஒரு நார்ப்படை உண்டு. குனிந்து நிமிரும்போது அதன் படைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்க வேண்டும். அமெரிக்காவில் ஹெலீன் லாங்கவின் என்ற வைத்தியரின் குழு, நாட்பட்ட நாரி நோ உள்ள 60 பேரையும் நோ இல்லாத 47 பேரையும் அல்ட்ராசவுண்ட் மூலம் ஒப்பிட்டது. நோ உள்ளவர்களில் அந்தப் படை சுமார் 25 வீதம் தடித்திருந்ததாக 2009இல் எழுதினார்கள். 2011இல் வந்த அடுத்த ஆய்வு, படைகள் வழுக்கும் அளவு சுமார் 20 வீதம் குறைந்திருந்ததைக் காட்டியது. இவர்கள் சாதாரண நாரி நோ உள்ளவர்கள், காக்காவின் நோய் உள்ளவர்கள் அல்ல. ஆனாலும் அசையாத முதுகில் நார்களும் இறுகும் என்பதை நாம் கவனத்தில் எடுக்க வேண்டும்.

அசைவு வேறு, சுமை வேறு

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். இழுவை கூடிய இடத்தில்தான் நோய் வருகிறது என்றால், ஓய்வுதானே நல்லது? என் மாணவன் ஒருவன் வகுப்பில் கேட்ட கேள்வி இது.

பெல்ஜியத்தின் கென்ட் நகரில் செய்த ஒரு பரிசோதனை 2014இல் வெளியானது. இந்நோய் போன்ற அழற்சி வரும்படி மாற்றிய எலிகளைப் பின்னங்கால் தரையில் படாதபடி வாலில் தூக்கி வைத்தார்கள். அவற்றின் குதிக்கால் நாணில் அழற்சி வெகுவாக அடங்கியிருந்தது. தரையில் ஓடித்திரிந்த எலிகளுக்கு வந்தது. எனவே சுமைக்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருப்பது உண்மை. நோயாளிகளிலும், உடல் வருந்திப் பாரவேலை செய்பவர்களின் முள்ளந்தண்டில் எலும்புப் பாலம் கூடுதலாக வளர்வதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

ஆனால் மனிதனை வாலில் கட்டித் தூக்கி வைக்க முடியாது. படுக்கையில் போட்டாலும் அழற்சி நிற்பதில்லை; மூட்டு மட்டும் இறுகி, தசை மெலிந்து, எலும்பு இன்னும் பலவீனமாகும். நீட்டி மடக்கும் பயிற்சி, நீச்சல், நடை ஆகியவை நோவைக் குறைத்து வளைவைக் காப்பாற்றுகின்றன என்பதில் இத்துறை வைத்தியர்கள் ஒத்த கருத்தோடு இருக்கிறார்கள். காக்கா நெல் மூட்டை தூக்குவதை நிறுத்தியது சரி. அவருடைய நடையையும் சேர்த்து நிறுத்தியதுதான் நாங்கள் விட்ட பிழை.

யாருக்கு வரும்?

1973இல் லண்டனில் டெரிக் ப்ரூவர்ட்டன் என்ற வைத்தியரின் குழு ஒரு இரத்தப் பரிசோதனையைச் செய்தது. இந்நோயாளிகள் 75 பேரில் 72 பேரிடம் எச்.எல்.ஏ பி27 என்ற ஒரே அடையாளம் இருந்தது. நோயில்லாத 75 பேரில் 3 பேரிடம் மட்டுமே அது இருந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவிலும் இதே முடிவு வந்தது. இது பெற்றோரிடமிருந்து வரும் மரபு அடையாளம். ஆயினும் அந்த அடையாளம் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் இந்நோய் வருவதே இல்லை. அது இல்லாமலும் சிலருக்கு நோய் வரும். எனவே இரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து ஒருவரைப் பயப்படுத்தவும் கூடாது, தேற்றி அனுப்பவும் கூடாது.

நீண்ட காலம் இது ஆண்களின் நோய் என்றே சொல்லப்பட்டது. பெண்களுக்கும் வருகிறது. அவர்களுக்கு எக்ஸ்றேயில் மாற்றம் தெரிவது குறைவாக இருப்பதால் கண்டுபிடிக்க இன்னும் தாமதமாகிறது. பிள்ளை பெற்ற உடம்பு, வீட்டு வேலை என்று சொல்லி நாமும் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

ஐந்து கேள்விகள்

இனி மருமகனின் கதைக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை. விடுமுறையில் வந்தவன் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். "கதிரையில இருந்து படிச்சிப் படிச்சி நாரி பிடிச்சிட்டு மாமா" என்றான். "குதிக்காலும் நோவுது, செருப்பு சரியில்ல போல" என்றும் சொன்னான். நாரியும் குதிக்காலும் என்று கேட்டதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. இரண்டும் நார் பிடிக்கும் இடங்கள்.

சாதாரண நாரி நோவிலிருந்து அழற்சி நோவைப் பிரித்தறிய, இந்நோயை ஆராயும் சர்வதேச வைத்தியர் குழு ஒன்று 2009இல் ஐந்து அடையாளங்களைச் சொன்னது. அவற்றை அவனிடம் கேள்வியாகக் கேட்டேன்.

1. நோ 40 வயதுக்கு முன் தொடங்கியதா?
2. நாள் சொல்ல முடியாதபடி மெல்ல மெல்ல வந்ததா?
3. நடந்தால், உடற்பயிற்சி செய்தால் குறைகிறதா?
4. ஓய்வெடுத்தும் குறையாமல் இருக்கிறதா?
5. இரவில் நோ எழுப்புகிறதா, எழும்பி நடந்தால் சுகமாகிறதா?

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் நோவில் இவற்றில் நான்குக்கு 'ஓம்' என்று பதில் வந்தால் அது அழற்சி நோவாக இருக்க வாய்ப்புண்டு. மருமகன் ஐந்துக்கும் ஓம் என்றான். ஐந்தாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போது என் கண்ணில் தெரிந்தது முற்றத்தில் நடந்த காக்காதான். அந்த ஐந்தையும் அவர் 1989லேயே எங்களிடம் சொல்லியிருந்தார்.

வீட்டில் இன்னும் இரண்டைப் பார்க்கலாம். தையல்காரரின் அளவு நாடாவை மார்பைச் சுற்றிப் பிடித்து, மூச்சை முழுதாக விட்டபோதும் முழுதாக இழுத்தபோதும் அளக்க வேண்டும். ஆரோக்கியமான இளைஞர் ஒருவருக்குப் பொதுவாக 5 சென்ரிமீற்றர் அளவில் மார்பு விரியும். 2.5க்குக் கீழே என்றால் விலா மூட்டுகள் இறுகுகின்றனவா என்று பார்ப்பிக்க வேண்டும். அடுத்து, குதிக்காலையும் முதுகையும் சுவரில் ஒட்டி நின்றால் பின்தலையும் சுவரில் பட வேண்டும். இவை நோயை நிச்சயிக்கும் சோதனைகள் அல்ல. வைத்தியரிடம் போக வேண்டுமா என்பதைச் சொல்பவை மட்டுமே. போக வேண்டியது வாதநோய் வைத்திய நிபுணரிடம்.

கண் சிவந்து நொந்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் அன்றைக்கே கண் வைத்தியரிடம் போக வேண்டும். இந்நோயாளிகளில் சுமார் நான்கில் ஒருவருக்கு எப்போதாவது ஒருமுறை கண்ணின் உட்படையில் அழற்சி வரும். கண் நோய் என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தால் பார்வை பாதிக்கப்படலாம்.

மருந்தும் நடையும்

முதல் மருந்து அழற்சியைத் தணிக்கும் நோ மாத்திரைகள்தான். பலருக்கு இவை நன்றாக வேலை செய்யும். ஆனால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியவை என்பதால் பாமசியில் சொந்தமாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்கக் கூடாது. முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் சில பழைய மாத்திரைகள் முள்ளந்தண்டு நோவுக்கு உதவுவதில்லை. மாத்திரையால் அடங்காதவர்களுக்கு ஊசி மருந்துகள் உள்ளன. அழற்சியைத் தூண்டும் ரி.என்.எஃப் என்ற புரதத்தை மறிப்பவை 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலும், ஐ.எல்.17 என்பதை மறிப்பவை அதற்குச் சுமார் பத்தாண்டுகளுக்குப் பின்னரும் பாவனைக்கு வந்தன. இவை விலை கூடியவை. அத்தோடு உடலில் உறங்கிக் கிடக்கும் காச நோயை எழுப்பிவிடக் கூடியவை, முக்கியமாக முதல் வகை. ஆகவே தொடங்குமுன் காச நோய்ப் பரிசோதனை கட்டாயம். சிகரெட் புகைப்பவர்களுக்கு எலும்புப் பாலம் விரைவாக வளர்கிறது. அதை விடுவதற்குச் செலவு ஒன்றுமில்லை.

மருமகன் இப்போது மாத்திரையோடும் உடற்பயிற்சியோடும் இருக்கிறான். தடித்த தலையணையை விட்டுவிட்டான். தினமும் பதினைந்து நிமிடமாவது குப்புறப் படுக்கிறான். முதுகும் இடுப்பும் முன்னே வளைந்து இறுகாமல் இருக்க கிளினிக்கில் சொல்லிக் கொடுத்தது இது. புத்தகம் படிக்கும்போது அரை மணிக்கு ஒருமுறை எழும்பி நடக்கிறான்.

காக்காவின் முள்ளந்தண்டில் எலும்பாகிப்போன நார் இனி நாராக மாறாது. ஆனாலும் பழைய நோ இல்லை. இறுகாமல் மிஞ்சியிருக்கும் மூட்டுகளைக் காப்பாற்ற அவரும் நடக்கிறார். ஸுபஹ் முடிந்ததும் மாமாவும் மருமகனும் கடற்கரையில் நடந்து போவதை நான் காண்கிறேன். காக்கா மணலைப் பார்த்துக்கொண்டு நடப்பார். அவன் நிமிர்ந்து நடப்பான். ஒருநாள் காக்காவிடம், "அந்த நேரம் நீங்க சொன்னத்த நாங்க கேட்டிருக்கணும்" என்றேன். "எனக்கும் காரணம் சொல்லத் தெரியல்லயே. சுகமா இரிக்கி எண்டு மட்டும்தானே சொன்னன்" என்றார்.

உங்கள் வீட்டில் ஓர் இளம் பிள்ளை நாரி நோ என்று சொல்லி, படுத்தால் கூடுது, நடந்தால் குறையுது என்றும் சொன்னால், தயவுசெய்து அந்த வார்த்தையை நம்புங்கள். அதை அப்படியே வைத்தியரிடமும் சொல்லுங்கள்.